நடுக்குரல்

சட்டை விற்கிறவளிடம் ஜனங்கள் எதையும் சொல்வார்கள். பாதிரியாரிடம்கூட அவ்வளவு சொல்ல மாட்டார்கள். மேடைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு, மேசை விரித்து, ‘கேன் ஹாலோ’ என்று பாட்டுக் குழுவின் பெயரை நெஞ்சில் எழுதிய பனியன்களையும் தொப்பிகளையும் நான் அடுக்கிக்கொண்டிருப்பேன். அளவு கேட்க வருகிறவர்கள் அபிப்பிராயத்தையும் கொட்டிவிட்டுப் போவார்கள். கெல்சி பாடினால் தேவதையே இறங்கி வந்த மாதிரி இருக்கிறதாம். கோலின் அடிக்குரல் கேட்டால் உடம்பெல்லாம் சிலிர்க்கிறதாம். அப்புறம், பனியனில் இருக்கும் மூன்று முகங்களில் நடு முகத்தின் மேல் விரலை வைத்து, எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

“ஆமா, இந்த மூணாவது ஆளு என்னதான் பண்றான்?”

அந்த மூணாவது ஆள் என் புருஷன். பெயர் வெண்டல். நான் யாரென்று மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. சட்டையில் ‘டார்லா’ என்று மட்டும் குத்தியிருப்பேன். வீட்டு ஆள் என்று தெரிந்தால் ரசிகர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள், அவர்கள் பேசுவதுதான் நமக்கு முக்கியம் என்பது மேனேஜர் கிப்பின் உத்தரவு. பேசட்டும், நன்றாகப் பேசட்டும். கேட்டுக்கொண்டு பல்லைக் காட்ட வேண்டியவள் நான்தானே.

வெண்டல் என்ன பண்ணுகிறான் என்று நான் சொல்கிறேன். கெல்சி மேலே பாடுவாள். கோல் கீழே பாடுவான். இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் வெண்டல் இருப்பான். அவள் எங்கே மூச்சை விடுவாள், இவன் எங்கே இழுப்பான் என்று பார்த்துப் பார்த்து, தன் குரல் தனியாகத் தெரியாதபடி பாடுவான். தெரிந்தால் அது தப்பு. காலையில் பிஸ்கட் மாவில் நான் போடும் சோடா உப்பு மாதிரிதான். தின்றுவிட்டு யாரும் ‘ஆகா, என்ன சோடா உப்பு’ என்று சொல்வதில்லை. போடாமல் விட்டுப் பாருங்கள், வீடே கேட்கும். அவன் முகம் தொங்கிப்போய் வரும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் தேற்றுவேன்.

ஆனால் கோடை தொடங்கியதிலிருந்து தேற்றல் எதுவும் எடுபடவில்லை. கிப் ஒரு யோசனையோடு வந்திருந்தார். குழுக்களுக்கான விருதுக்கு அடிதடி, வருஷா வருஷம் அதே பெரிய குழுவுக்குத்தான் போகிறது. இரண்டே பேராகப் பாடுகிறவர்களுக்கான விருதில் அவ்வளவு போட்டி இல்லை. கேன் ஹாலோவை இரண்டு பேராக ஆக்கிவிட்டால் என்ன? ரசிகர்களே கேட்கிறார்களே, மூணாவது ஆள் எதற்கு என்று. சொன்னதோடு விடவில்லை மனுஷர். ரசிகர்களின் இணையப் பக்கத்தில் ஒரு வாக்கெடுப்பும் வைத்துவிட்டார்: ‘உங்களுக்கு யார் வேண்டும், மூவரா, இருவரா?’ இந்த மாவட்டச் சந்தைத் திருவிழாக் கச்சேரியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார். பாப்டிஸ்ட் சர்ச் பின்வரிசையில் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகளாகச் சேர்ந்து பாட ஆரம்பித்தவர்கள். வெண்டல் டயர் கடை வேலையை விட்டுவிட்டு வந்தது இதற்காகத்தான். இது போனால் அவனுக்கு வேறு எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் டிராக்டர் இழுவைப் போட்டி முடிந்து, புழுதி அடங்கி, கூட்டம் மேடைப் பக்கம் வந்துகொண்டிருந்தது. என் மேசை முன்னால் மிஸ் வெர்னா தன் மடக்கு நாற்காலியோடு வந்து நின்றார். எந்த ஊரில் கச்சேரி என்றாலும் அந்த நாற்காலி வந்துவிடும். கெல்சிக்குப் பீச் பழத்தில் பலகாரம் செய்து கொண்டுவருவார். அவருக்குப் பக்கத்தில் தீவனக் கடைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர், பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்போ எங்கம்மா இருக்கு குழு?” என்று அவர் ஆரம்பித்தார். “ஒருத்தன் பாடறான், மத்தவனுங்க வேடிக்கை பாக்கறானுங்க. எங்க காலத்துல ஒரே மைக்கைச் சுத்தி நாலு பேர் நிப்பானுங்க. ஒருத்தன் மூச்சு விட்டா அடுத்தவன் மூஞ்சியில படும். அதுக்குப் பேரு குழு.”

“உங்க காலத்தை மூட்டை கட்டி வைங்க சார்” என்றார் மிஸ் வெர்னா. “ரேடியோவைத் திருப்பினா என்ன வருது? தாடி வெச்சவன் ஒருத்தன், தாடி இல்லாதவன் ஒருத்தன். ரெண்டு பேரும் தனித்தனியா அதே லாரியையும் அதே பீரையும் பத்திப் பாடறானுங்க. மூணு பேர் சேர்ந்து பாடறதே இப்போ அபூர்வம். அதையும் குறை சொல்லியே ஒழிச்சுடாதீங்க.”

“மூணு பேரா? ரெண்டு பேரும் ஒரு தூணும்னு சொல்லுங்க.”

மிஸ் வெர்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஐயோ பாவம், அப்படிச் சொல்லாதீங்க. தங்கமான பையன். பாத்தாலே தெரியுது.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தொப்பியைப் பிடுங்கி அவர் வாயிலேயே அடைத்திருப்பேன். என் கை, ஏற்கெனவே மடித்த பனியனையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தது.

“நடுக்குரல் அவருதுதான், மிஸ் வெர்னா” என்றேன்.

“அப்படியா கண்ணு? எனக்கு ஏன் கேக்கல? முதல் வருஷத்துலேர்ந்து வரேனே.”

“இன்னிக்குக் கேட்டுப் பாருங்க. ‘கொட்டகை விளக்கு’ பாட்டுல ஒரு இடத்துல வாத்தியம் எல்லாம் நின்னுடும்ல, அங்க. மேல கெல்சியை விட்டுடுங்க, கீழ கோலையும் விட்டுடுங்க. நடுவுல மட்டும் கேளுங்க.”

“கேக்கறேன், கண்டிப்பா கேக்கறேன். ஆனா உன்கிட்ட எதுக்கு மறைக்கணும், நான் ரெண்டு பேருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். மனசு கேக்கலதான். ஆனா விருது வேணும்ல? அந்தக் கெல்சிக் குழந்தை இன்னும் எத்தனை வருஷம் வெறுங்கையோட திரும்பி வரும்?”

அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனுஷி. அதனால் அவரோடு சண்டை போடவும் வழியில்லை.

கூடாரத்துக்குப் பின்பக்கம் வெண்டல் எலுமிச்சைச் சாறு டம்ளரோடு நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

“தூணாம்ல?” என்றான்.

“கேட்டுச்சா?”

“கேக்காம? பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டிருக்கும்.” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “டார்லா, இன்னிக்குக் ‘கொட்டகை விளக்கு’ல வாத்தியம் நிக்கற இடத்துல நான் பாடப் போறதில்ல. வாயை மட்டும் அசைப்பேன்.”

“கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு? கிப் முன்னாடி உக்காந்திருக்காரு.”

“அதுக்குத்தான். அவருக்கும் கேக்கட்டும், அந்தத் தொப்பிக்கும் கேக்கட்டும். நடுவுல ஓட்டை விழுந்தா பாட்டு எப்படி இருக்கும்னு ஒரே ஒரு தடவை கேக்கட்டும். நீதானே சொன்னே, சோடா உப்பு போடாம விட்டா வீடே கேக்கும்னு.”

வேண்டாம் என்று தடுக்க வேண்டியவள்தான். ஆனால் உள்ளுக்குள்ளே எனக்கும் ஆசை வந்துவிட்டது. பாட்டு பொத்தென்று விழும்போது அந்தத் தொப்பிக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

கச்சேரி ஆரம்பித்தது. நான் மேசையைத் துணி போட்டு மூடிவிட்டு மேடை ஓரத்துக்குப் போய் நின்றேன். மூன்றாவது பாட்டு அது. ஊரைவிட்டுப் போன மகனுக்காக அப்பா கொட்டகை விளக்கை அணைக்காமல் விட்டுவைக்கிற பாட்டு. ஜனங்கள் போன்களைத் தூக்கி வெளிச்சம் காட்டினார்கள். கிட்டார் நின்றது, டிரம் நின்றது. இனி மூன்று குரல் மட்டும்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்துக்காகக் காத்திருந்தேன்.

பள்ளம் விழவில்லை. மூன்று குரலும் வந்தன. மேலே, கீழே, நடுவில். நடுவில் வந்தது வெண்டலின் குரல்தான், எனக்குத் தெரியாதா? கடைசி நேரத்தில் மனம் மாறிப் பாடிவிட்டான் போல என்று நினைத்தேன். பெருமூச்சு வந்தது, கொஞ்சம் ஏமாற்றமும் வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அந்த இடத்தைப் பாடும்போது அவன் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பும். அது எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அடுத்த வரியில் அதுவும் நின்றது. வாயை இறுக்க மூடிக்கொண்டு கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் அவன் குரல் பாடிக்கொண்டிருந்தது.

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒலிப்பலகைக்கு ஓடினேன். அங்கே ஒலியைக் கூட்டிக் குறைக்கிற டென்னி நல்ல பையன், எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான்.

“டென்னி, அது யாரு பாடறது?”

அவன் என்னைப் பார்க்கவில்லை. “ஆல்பத்துல அவர் பாடின பதிவு, அக்கா. கோடைச் சுற்றுப்பயணம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஓட்டறோம். எல்லாருக்கும் காதுல மாட்டியிருக்கற கருவியில தாளம் ஓடுதுல்ல, அதோட பொருந்திக்கும். கெல்சி, கோல் ரெண்டு பேருதும் நேரடிதான். அவரோடது மட்டும்தான் இப்படி.”

“அவன் மைக்?”

“அது... வெளியில போறதில்லக்கா. அவர் காதுல மட்டும் போகும், சந்தேகம் வராம இருக்க. கிப் சொன்னாரு. ஆள் இல்லாம ஓடுமான்னு பாக்கணும்னாரு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.”

“கெல்சிக்குத் தெரியுமா?”

டென்னி ஒரு குமிழைத் திருகினான். திருக வேண்டிய அவசியமே இல்லாத குமிழ்.

“அவன் இப்போ பாடலைடா” என்றேன். “வாயை மூடிக்கிட்டு நிக்கறான், பாரு.”

டென்னி மேடையை நிமிர்ந்து பார்த்தான். “அடக் கடவுளே” என்றான். “நான் கவனிக்கவே இல்லையே.” பிறகு, “கிப் நாளைக்கு அவர்கிட்ட பேசுவாருக்கா. பாட்டு கெட்டுப்போகாது, குரல் இருக்கும்” என்றான். என்னைத் தேற்றுகிறானாம்.

பாட்டு முடிந்தது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. தொப்பிக்காரர்கூடக் கையைத் தட்டினார். மேடையில் வெண்டல் மட்டும் அசையவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதை அடைத்திருக்கிற கருவியில் அவனுக்கு வருவது அந்த இரண்டு பேர் குரலும் அவன் மைக்கும்தானே? அவன் கேட்டது இரண்டு குரலும் நடுவில் அந்தப் பள்ளமும்தான். இவ்வளவு பெரிய ஓட்டையைக் கேட்டுவிட்டும் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். மற்ற பாட்டுகளை அவன் பாடினான். தொண்டை நரம்பு புடைக்கப் பாடினான். அது எங்கும் போகவில்லை என்று தெரிந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் காதில் விழுந்ததும் அவன் பாடியது இல்லை, ஆல்பம்தான்.

கச்சேரி முடிந்து கையெழுத்துப் போட மூன்று பேரும் என் மேசைக்கு வந்தார்கள். கெல்சி முன்னாலும் கோல் முன்னாலும் வரிசை நீண்டது. வெண்டல் பேனா மூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். கிப் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். மிஸ் வெர்னா நாற்காலியை இழுத்துக்கொண்டு நேரே வெண்டலிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

“தம்பி, இன்னிக்குத்தான்யா உன் குரல் எனக்குக் கேட்டுச்சு” என்றார். “இந்தக் கண்ணு சொல்லிக் கொடுத்துச்சு, நடுவுல கேளுன்னு. ‘கொட்டகை விளக்கு’ல, வாத்தியம் நின்ன இடத்துல, கேட்டேன். அழுதுட்டேன். இத்தனை வருஷம் காது எங்க போச்சோ எனக்கு. வீட்டுக்குப் போனதும் போட்ட ஓட்டை மாத்திடறேன்.”

வெண்டல் அவரையே பார்த்தான். பிறகு எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “ரொம்ப நன்றி, மிஸ் வெர்னா” என்றான். பனியனில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். எழுத்து ஒழுங்காகத்தான் இருந்தது.

அவர் போனதும் அவன் சிரிக்க ஆரம்பித்தான். தோள் குலுங்கிற்று.

“பாத்தியா டார்லா? நான் பாடவே இல்ல. அங்க போய் கேட்டுச்சாம். அழுதாங்களாம்.”

அவர் பொய் சொல்லவில்லை, வெண்டல். உன் குரலைத்தான் கேட்டார். இது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். கோடை முழுக்க நீ ஊர் ஊராகப் போய் மூடின மைக்கில் பாடியிருக்கிறாய், உன் குரலை வைத்துக்கொண்டு உன்னை அனுப்பப் போகிறார்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டாலோ, பள்ளத்தைக் கேட்டும் யாரும் கவலைப்படவில்லை என்று நினைத்தே நாளைக்குக் கிப் எதிரில் போய் உட்காருவான். எதைச் சொன்னாலும் அடி அவனுக்குத்தான். நான் பனியன்களை அள்ளிப் பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தேன்.

அவன் சிரிப்பு நின்றிருந்தது. பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான்.

“அவங்களை விடு. உனக்கு? உனக்குக் கேட்டுச்சா, நான் பாடாதது?”

எனக்குக் கேட்கவில்லை. கழுத்து நரம்பைப் பார்க்காமல் இருந்திருந்தால், அவன் பாடினான் என்று நினைத்தே நானும் வீட்டுக்குப் போயிருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அடுக்களையில், வண்டியில், குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற குரல்.

“கேட்டுச்சு” என்றேன். “பெரிய பள்ளமா கேட்டுச்சு. தாங்க முடியல.”

அவன் முகம் லேசாகத் தெளிந்தது. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

“உனக்காவது கேட்டுச்சே” என்றான். “அது போதும் எனக்கு.”