அக்கா வீட்டுக்கு மாமா இழுத்த அலுமினியம்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. அக்கா வீடு மாறுகிற அன்று பீரோ தூக்கப் போனேன். உள்ளே அக்காவும் மாமாவும் கம்பிக்காகச் சண்டை போட்டதில் மத்தியானம் வரை ஒரு முக்காலியைக்கூட நான் இறக்கவில்லை. உடம்பு நோகாமல் வந்ததை வேலை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். அந்தக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

முதல் வரியாக முதலில் வைத்தது இது: ‘ஆதியில் மனிதன் செம்பைக் கண்டான், அதன் செந்நிறத்தில் தன்...’

வேண்டாம். செம்பை யார் கண்டால் என்ன? டெம்போ டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

2

அக்கா வீடுகளுக்கு வயரிங் செய்கிறவள். மாமா கோபுரம் ஏறி உயரழுத்தக் கம்பி இழுக்கிறவர். மீன் பிடிப்பதும் மீன் சமைப்பதும் ஒரே தொழில் என்றால் இவர்களுக்கும் ஒரே தொழில்.

புதிதாகக் கட்டிய சொந்த வீட்டுச் சுவருக்குள் வயர் போகும் குழாய் பதித்ததோடு, அக்கா வெளியூர் வேலைக்குப் போகவேண்டி வந்தது. பத்து நாள். வந்து அசந்துபோகட்டும் என்று மாமா வீடு முழுக்க வயர் இழுத்து முடித்துவிட்டார். அலுமினிய வயர்.

(இங்கே மாமாவை முட்டாளாக எழுதினால் கதை சுலபமாக ஓடும். எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். மின்சாரம் கடத்துவதில் வெள்ளிதான் முதல். அதைச் சுவருக்குள் வைத்தால் சுவரே காணாமல் போகும். அடுத்தது செம்பு. ஆனால் கோபுரத்துக்குக் கோபுரம் செம்பைத் தொங்கவிட்டால் கோபுரத்துக்கு இடுப்பொடியும். அதே மின்சாரத்துக்கு அலுமினியம் கொஞ்சம் தடிமனாக வேண்டும். அப்படியும் எடை பாதிதான். நடுவில் எஃகு, சுற்றி அலுமினியம், அதுதான் மலை தாண்டும். இருபது வருடம் அதைத் தோளில் சுமந்தவர் வேறு எதை வாங்குவார்?)

3

யார் வயரிங் செய்திருந்தாலும், மெயினைப் போடும் முன் ஒரு சுவிட்சுப் பெட்டியைக் கழற்றிப் பார்ப்பது அக்காவின் வழக்கம். கழற்றினாள்.

“என்னங்க, வெள்ளையா இருக்கு?”

“அலுமினியம். ஊருக்கே கரண்டு இதுலதான் வருது. உன் மிக்சிக்கு வராதா?”

“வரும். திருகுக்கடியில சூடாகும். சூடானா விரியும், ஆறுனா சுருங்கும். போகப் போகத் திருகு லூசாயிடும். அப்புறம் புகைதான்.”

“என் ஜாயிண்ட் ஒண்ணு புகைஞ்சிருக்கா?”

“நீங்க மிஷின் வெச்சு நசுக்குறீங்க. மேல காத்து வேற. இங்க சுவத்துக்குள்ள புழுக்கம். பாப்பா கட்டில் இந்தச் சுவரோரம்தான் வரப்போகுது.”

மாமா என்னைப் பார்த்தார். “மாப்ளே, உங்கக்கா வாய்ல மெயின் சுவிட்சே கிடையாதா?”

நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

அக்கா பெட்டிக்குள் விரலை விட்டாள். இரண்டு சாண் வயர் சுருண்டு வந்தது. “இது எதுக்குங்க இவ்வளவு தொய்வு?”

“விடணும்ல. குளிர்ல சுருங்கி வெடுக்குனு அறுந்துட்டா?”

“ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவுல எந்தக் குளிருங்க?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளே முடித்தாள்: “சுருங்கும்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதேதான் திருகுலயும்.”

மாமா சுருளைக் கையில் வாங்கிப் பார்த்தார். “மாத்தணும்னா மாத்து,” என்றார்.

(மெயினைப் போட்டுவிட்டு மெதுவாக மாற்றினால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். “மெதுவா மாத்திக்கலாம்னு சொன்ன எந்த வீட்டுலயும் மாத்துறதுக்குன்னு நான் ரெண்டாவது தடவை ஏணி வெச்சதில்ல,” என்றாள். பழைய வீட்டுச் சாவியைக் காலையிலேயே கொடுத்தாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டுப் பாப்பா நேரே இங்கேதான் வருவாள்.)

4

அக்காவின் வேலைச் சரக்கில் செம்பு வயர் இருந்தது. அலுமினியத்தின் வாலில் செம்பைக் கட்டி மறுமுனையில் இழுத்தால், பழையது வெளியே வரும்போது புதியது உள்ளே போகும். மாமா வயரை ஊட்டினார், அக்கா இழுத்தாள். ஹால் முடிந்தது. சமையலறை முடிந்தது. பாப்பாவின் அறையில் மாமாவின் முரட்டு இழுப்பில்

(அக்கா இதைப் படித்துவிட்டு அடித்த வரி அது. “பொய் எழுதாதடா. இழுத்தது நான்.” ஆகவே:)

பாப்பாவின் அறையில் மாமா சொன்னார், “பைய இழு. இதுக்குள்ள எஃகு கிடையாது, இழுவை தாங்காது.”

“எனக்குத் தெரியாதா?” என்று அக்கா செம்பை இழுக்கிற வேகத்தில் இழுத்தாள். அறுந்தது.

மாமா எழுந்து வந்து அறுந்த முனையைத் தடவிப் பார்த்தார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

குழாய்க்குள் விட்டுப் பார்க்கிற நீள ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் செலுத்தினார்கள். இரண்டு முறையும் ஒரே வளைவில் முட்டியது. முடிச்சு அங்கே சிக்கியிருக்கிறது. சுவரை உடைத்தால்தான் எடுக்க முடியும். மாமா அளந்து, புதுப் பெயிண்டின் மேல் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார்.

5

முடிவாக மூன்று வைத்திருந்தேன். மாமா சுவரை உடைக்கிறார்: தியாகம் அதிகம், எனக்கே வாய் கோணுகிறது. அக்கா உடைக்கிறாள்: அப்படியானால் அலுமினியம் இழுத்தவருக்கு மன்னிப்பு மலிவாகிவிடும். ‘இந்த அறையில் ஒரு பல்புதானே’ என்று சுவருக்கு மேலேயே ஒரு துண்டு அலுமினியத்தை ஓட்டி விட்டுவிடுகிறார்கள்: இப்படி விட்ட இடத்தில் அடுத்த வருடம் ஹீட்டர் செருகுவார்கள். இதை மட்டும் எழுதமாட்டேன்.

சுத்தியல் என் கையில் இருக்கிறது.

“அவர்கிட்ட குடு. அலுமினியம் அவரோடது,” என்கிறாள் அக்கா.

“அவகிட்ட குடு. அறுத்தது அவ,” என்கிறார் மாமா.

இருவரும் கையை நீட்டவில்லை. பள்ளிக்கூடம் விட அரை மணி நேரம் இருக்கிறது. நான் தம்பி, நான் மச்சினன். யாரிடம் கொடுத்தாலும் ஒரு பக்கம் எனக்குச் சோறு கிடையாது.

இந்தாருங்கள், நீங்கள் பிடியுங்கள். குறி போட்ட இடத்தில் அளவாக அடியுங்கள். ஒரு விரல் தள்ளிப்போகிற இன்னொரு குழாயில் புதுச் செம்பு இருக்கிறது.