வேலை முடிந்தும் போகாதவர்கள்

மேசையின் தலைப்பக்கம் இயக்குநர், அவருக்கு வலப்பக்கம் கணக்கர், இடப்பக்கம் தூங்குவதற்கென்றே பதவி பெற்ற துணை இயக்குநர், கதவோரம் நிரல் எழுதும் பெண். சுவரோரமெங்கும், நாற்காலி கிடைக்காமல், அந்தக் குடிநீர் வாரியக் கிளை அலுவலகத்தின் இணையதளம் பெற்றுப்போட்ட ஆட்கள் நின்றிருந்தார்கள்.

குடிநீர் இணைப்பு விவரமெல்லாம் பின்னறைப் பழைய கணினியின் தரவுத்தளத்தில் கிடந்தது. புது இணையதளத்தின் பேச்சு அதற்குப் புரியாது. ஆகவே நிரல் எழுதும் பெண் இரண்டுக்கும் நடுவே தூது போக, சிஜிஐ என்கிற ஒரு சின்ன நிரலை வைத்தாள். ஊரில் யாராவது தளத்தின் பொத்தானை அழுத்தினால் சர்வர் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் பிறப்பான். பின்னறைக்குப் போய்க் கேட்பான். பதிலைக் கொண்டுவந்து கொடுப்பான். அதோடு மறைய வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் புது ஆள். இதில் யாரும் ஆச்சரியப்படவில்லை. சட்டை போட்டுக்கொண்டே பிறக்கிறார்கள், அதுவரைக்கும் நல்லது என்றார் கணக்கர்.

திறப்பு விழாத் தேதியை முன்னுக்கு இழுத்துவிட்டு இயக்குநர் பிடுங்கியெடுத்ததில், வேலை முடிந்தவனை அனுப்பிவைக்கும் வரியை அவள் எழுத விட்டுவிட்டாள். யாரும் போகச் சொல்லாததால் எவனும் போகவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் நடைவழி அடைத்துக்கொண்டது. புதிதாய்ப் பிறந்தவர்களால் பின்னறையை எட்டவே முடியவில்லை. குழாய் கேட்டவர்களுக்குப் பதிலும் போகவில்லை. தளம் ஒழுங்காக ஓடினால்தான் அவள் வேலை நிரந்தரமாகும்.

"ஒரே வரிதான் மாமா. எழுதிட்டு சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினா எல்லாரும் போயிடுவாங்க."

இயக்குநர் அவளுடைய தாய்மாமன். "ஆபீஸ்ல சார்னு கூப்பிடுன்னு எத்தனை தடவை சொல்றது? போயிடுவாங்களாமே! ஆள் பலத்துல நம்ம கிளைதான் முதல்னு மேல சொல்லியாச்சு. இப்பப் போயி வரி எழுதுறாளாம்."

"அப்ப குழாய் கேட்டு நிக்கிறவங்க?"

"நிக்கட்டும். இவங்களுந்தான் நிக்கிறாங்க."

துணை இயக்குநர் ஒரு கண்ணைத் திறந்தார். "லீவு கேக்கிறதில்ல, எதிர்த்துப் பேசுறதில்ல. தங்கமான பசங்க. பாத்துக் கத்துக்கம்மா." கண் மூடிக்கொண்டது.

தலைமையகத்துக்கான கடிதத்தை இயக்குநர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நிற்போருக்கு நாற்காலிகள் அனுப்ப வேண்டும். ஆட்கள் மிகுந்துவிட்டதால் நிரல் எழுதுபவரின் பணியிடம் தேவையில்லை. அந்த இடத்தில் பேனா நின்றது.

"அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றார் மாமா.

"வேணாம். உங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க கையெழுத்தைப் போடுங்க."

அவர் போட்டார். அனுப்பிவைக்கும் வரியை அவள் எழுதப்போவதில்லை. அது அவள் வேலையும் இல்லை இனி. கடிதத்தை மடித்து உறையிலிட்டு, பசை தடவி, முத்திரை குத்தினாள். நடைவழியில் நின்றவர்கள் வயிற்றை எக்கி அவளுக்கு வழிவிட்டார்கள். வாசலில் தபால் பை திறந்திருந்தது.