இறங்காத படிக்கட்டு

என் தங்கை மரத்தில் ஒரு படிக்கட்டு செய்தாள். நாலு பக்கமும் ஏறிக்கொண்டே போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சேருமாம். இறங்கவே இறங்காதாம்.

"எங்கேயும் போய்ச் சேராத படிக்கு எதுக்குடி இவ்வளவு மரம்?" என்று கேட்டேன்.

"கண்காட்சிக்கு வந்து பார்த்துட்டுத் திட்டுக்கா. மாமாவையும் கூட்டிட்டு வா."

மாமா என்றால் என் வீட்டுக்காரர், தையல்காரர். இடது கண்ணில் பார்வை போனதிலிருந்து கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. டீ ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழும். ஊசியில் நூல் கோர்க்கப் போய் விரலைக் குத்திக்கொள்வார். "கடையை யாருக்காவது விட்டுடலாம்" என்பதே எந்நேரமும் பேச்சு. கெஞ்சினேன், கத்தினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பாத்திரம் நெளிந்ததுதான் மிச்சம்.

கொழுந்தியாளுக்காகக் கண்காட்சிக்கு வந்தார். படிக்கட்டு ஒரு மேசைமேல் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு மூலையில் அது சேரவே இல்லை. நடுவே என் கை நுழையும் அளவுக்கு இடைவெளி.

"தரையில வட்டம் போட்டிருக்கேன்ல, அங்க நின்னு ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாரு. ரெண்டு கண்ணும் திறந்திருந்தா குட்டு வெளிப்பட்டுடும்" என்றாள் தங்கை.

ஒவ்வொருவராக நின்று, கண்ணை மூடி, "அடேங்கப்பா!" என்றார்கள். எனக்கோ ஒரு கண்ணை மட்டும் மூட வராது. இன்னொன்றும் கூடவே மூடிக்கொள்ளும். பொத்திக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையிலும் அவளுக்குக் கொண்டுவந்த சாப்பாட்டுப் பைகள். நான் முகத்தைக் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தள்ளு" என்று அவர் வந்து நின்றார். இந்த மனுஷனைப் போய் இங்கே கூட்டிவந்தேனே, பாவி!

"அம்மாடி!" என்றார். "சேர்ந்திருச்சு! ஏறுது, ஏறுது, ஏறிக்கிட்டே இருக்கு! நின்னதும் தெரியுதே, இவங்கெல்லாம் ஏன் இந்தப் பாடு படுறாங்க?"

அவர் வாய்விட்டுச் சிரித்து எத்தனை மாதமாயிற்று!

"ஒரு கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் மாமா முழுசையும் ஒட்டினேன்" என்றாள் தங்கை. "முதல்ல பசையெல்லாம் வெளியதான் கொட்டுச்சு. அப்புறம் கை பழகிடுச்சு."

அவர் அவள் விரல்களையே பார்த்தார். பிறகு என்னை வட்டத்துக்குள் இழுத்து நிறுத்தி, பின்னாலிருந்து என் இடது கண்ணைப் பொத்தினார்.

"இப்பப் பாரு."

பார்த்தேன். அந்த இடைவெளி எங்கே போனதென்றே தெரியவில்லை. படிகள் ஏறின, திரும்பின, மறுபடியும் ஏறின. பொய் என்று தெரிந்தும் கண் நம்பியது. என் கூடப் பிறந்தவளா இதைச் செய்தாள்! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கையை எடுக்காதீங்க" என்றேன்.

"எடுக்கத்தான்டி வேணும். நாளைக்குக் கடை திறக்கணும்ல?"