தேதி இல்லாத சொல்

நாற்பது வருஷம் சாரம் கட்டினவன் நான். கட்டடம் எழும்பும்போது கொத்தனார் ஏறி நிற்கக் கம்பும் கயிறும் வைத்துக் கட்டுவோமே, அது. வேலை முடிந்தால் அவிழ்த்துவிட வேண்டும். அதனால் எங்கள் தொழிலில் சிமெண்டைத் தொடமாட்டோம். சிமெண்ட் வைத்தால் அது போகிறதுக்கு இல்லை, இருக்கிறதுக்கு.

மகனுடைய மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன். என் அறையை ஒட்டிக் கக்கூஸ் இருக்கிறதாம், அவருக்குச் சௌகரியமாம். என்னைப் பின்னால் தட்டுமுட்டுச் சாமான் கிடக்கிற அறைக்கு மாற்றினார்கள்.

“தற்காலிகமாத்தான்பா” என்றான் மகன். மூன்று தடவை சொன்னான். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

எதிர்வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அஞ்சாவது தாண்டாத நான் எழுத்து விஷயத்துக்கு அவரிடம்தான் போவேன்.

“தற்காலிகம்னா என்னங்க?”

“வடமொழியிலருந்து வந்த சொல்லு. ‘தத்’னா அது. காலம் உங்களுக்கே தெரியும். அந்த நேரத்துக்கு மட்டும்னு அர்த்தம்.”

“எந்த நேரத்துக்கு?”

“அதைச் சொன்னவங்களைத்தான் கேக்கணும். சொல்லுல இல்ல.”

“அப்ப தேதி போடாத சீட்டுன்னு சொல்லுங்க.”

“உங்க வீட்டுச் சண்டைக்கு என்னை இழுக்காதீங்கண்ணே” என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டை நோட்டம் விட்டேன். என் அறை எனக்குத் திரும்ப வருமா, வராதா? முதல் வாரம் சம்பந்தியம்மாவின் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அடுத்த வாரம் அவருடைய தையல் மிஷின் வந்து இறங்கியது. காலை மடக்க முடியாதவருக்குத் தையல் மிஷின் எதற்கு?

“சும்மா இருக்கட்டும்னுதான் மாமா” என்றாள் மருமகள்.

சும்மா வந்து இறங்கின பொருளை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் வாரம், பிடித்து எழுந்திருக்கக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒரு கம்பி. அதுவும் துளை போட்டு, சிமெண்ட் வைத்து! எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சம்பந்தியம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, ஈரம் காயுமுன் பிடுங்கிவிட்டேன். திரும்பினால், வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார்.

“என்ன சம்பந்தி, நான் விழுந்து சாகணுமா?”

“சாக வேணாம். வேர் விடாம இருந்தாப் போதும்.”

“அடேங்கப்பா, எனக்கு மட்டும் இங்க கிடக்கணும்னு ஆசையா? என் வீட்டுச் சாவி எங்கன்னு கேட்டா, தற்காலிகமா வாடகைக்கு ஆள் வச்சிருக்கோம் அத்தைங்கிறாரு உங்க புள்ள. என்னை ஒரு வார்த்தை கேக்கல.”

இத்தனை நாளும் தப்பான ஆளை அல்லவா முறைத்துக்கொண்டிருந்தேன்! சிமெண்ட் குழைத்து, நானே கம்பியைத் திரும்பப் பதித்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் மகன் செருப்பைக் கழற்றுமுன் இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டோம்.

“எந்தத் தேதி வரைக்கும்?”

“ரெண்டு வருஷ ஒப்பந்தம்தானே...” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மருமகள் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

தலையணை போர்வையைச் சுருட்டிக்கொண்டு போய் மகனும் மருமகளும் படுக்கிற கட்டிலில் படுத்தேன்.

“அப்பா, என்ன இது?”

“அவங்க வீடு காலியாகி, அவங்க கிளம்புற அன்னிக்கு எந்திரிக்கிறேன். பின்னறையில கொசு ஜாஸ்தி. வலையை எடுத்துட்டுப் போங்க.”

முன்னறையிலிருந்து சம்பந்தியம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பையும் நான் முழுசாக நம்பவில்லை.