இழுத்தால் கழலும் பட்டி

வைகாசி மாதக் கடைசியில் மக்டலீன் ரீச்சர் பாலர் பாடசாலைக் கதவில் ஒரு கடதாசி ஒட்டினார். இனிமேல் எந்தப் பிள்ளையையும் சைக்கிள் பாரில் துவாய் சுற்றி இருத்திக்கொண்டு வரக் கூடாது. சாய்மானமும் கால்தாங்கியும் உள்ள இருக்கை வேண்டும். இழுத்தால் கழலும் பட்டியால் பிள்ளையை இருக்கையோடு கட்ட வேண்டும். ஆனி முதலாம் திகதியிலிருந்து இப்படிக் கொண்டுவராத பிள்ளைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். இணுவிலில் புகையிலை செய்கிற நாகலிங்கத்தின் மகன் பாரில் நித்திரை தூங்கி, வலது காலை முன் சில்லுக்குள் விட்டுவிட்டான். குதிக்கால் நரம்பு அறுந்து போனது. மூன்று மாதத்துக்குப் பிறகும் பாதத்தை இழுத்துத்தான் நடந்தான். பெற்றோல் இல்லாத காலம். கார் வைத்திருந்தவனும் சைக்கிளில்தான் பிள்ளையை ஏற்றினான்.

கிறகோரி குருநகர்க்காரன். ஷெல்லடிக்குக் குடும்பத்தோடு மானிப்பாய்க்கு வந்து ஒரு வருசம். கடல் தொழில் போய்விட்டது, விறகு கொத்தினான். வரும்போது வீட்டுச் சாமான் அடுக்கிக்கொண்டு வந்த மீன் பெட்டி ஒன்று கிடந்தது. அதை உடைத்து, நாலு வயது மகள் ஸ்ரெல்லாவுக்கு ஒரு இருக்கை அடித்துப் பாரில் பொருத்தினான். ஆணி ஒன்றும் வெளியே நீட்டாமல், நல்லாகத்தான் செய்தான்.

முதல் நாள் வாசலில் நின்றவர்கள் மணத்தைப் பிடித்துவிட்டார்கள்.

"என்ன கிறகோரி, பிள்ளையை இறக்கிப்போட்டுச் சூடை மீன் விக்கப் போறீரோ?"

"ஓம். உமக்குத்தான் கடன் இல்லை," என்றான் அவன். ஸ்ரெல்லாவும் சேர்ந்து சிரித்தாள்.

மக்டலீன் ரீச்சர் சிரிக்கவில்லை. குனிந்து பிள்ளையின் இடுப்பைப் பார்த்தார். பட்டிக்குப் பதிலாக நைலோன் கயிறு. முதுகுப் பக்கம் இறுகக் கட்டிய வலை முடிச்சு.

"உது கழருமோ?"

"கடலிலையே கழராத முடிச்சு ரீச்சர். பிள்ளை அசையாது."

"அசையாமல் இருந்தால் மட்டும் காணாது. அவசரத்துக்குக் கழர வேணும். பழைய புத்தகப் பையிலை பக்கிள் கிடக்கும். அதைத் தைச்சுப் போடும்."

"போடுறன்."

அவன் போடவில்லை. வீட்டில் பெர்னடெட்டும் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, இழுத்தால் கழருற ஒரு சுருக்காவது போடுங்கோவன். ரீச்சர் படிச்ச மனிசி."

"சுருக்கு ஆட்டுக்குப் போடுறது. இருபது வருசம் முடிச்சுப் போட்ட கை இது. எனக்கு ரீச்சர் முடிச்சுப் பழக்கிறாவோ?"

அடுத்த கிழமை ரீச்சர் வாசலில் அவசரமாகக் கேட்டார். "மாத்தியாச்சு ரீச்சர், பக்கிள்தான்," என்றான். பிள்ளையை முதலே இறக்கிவிட்டிருந்தான். ரீச்சர் நம்பிவிட்டார்.

ஆடியில் ஒரு திங்கட்கிழமை காலை. பாடசாலைக்கு அரைக் கட்டை தூரம் இருக்கும்போது குண்டு போடும் பொம்பர் விமானம் வந்தது. சத்தத்தைக் கேட்டதும் வீதியில் போனவர்கள் சைக்கிள்களைப் போட்டுவிட்டு, வீதிக்குக் கீழே போகும் மதகுக்குள் ஓடினார்கள். கிறகோரி சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு முடிச்சில் கை வைத்தான். பிள்ளை பயத்தில் முன்பக்கம் வளைந்து இழுத்துக்கொண்டிருந்தாள். இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. நகத்தால் கிண்டினான். குனிந்து பல்லால் கடித்தான். கடலுக்குப் போன காலத்தில் இடுப்பில் எப்போதும் கத்தி இருக்கும். விறகுக்காரனுக்குக் கோடரிதான். அது வீட்டில்.

பொம்பர் ஒருதரம் சுற்றிவிட்டுத் தாழப் பதிந்தது.

அவன் ஓடினான்.

யோசித்து ஓடவில்லை. கால் ஓடியது. மதகுக்குள் முகம் குப்புறக் கிடந்தபோதுதான் தன் கையில் ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. "அப்பா" என்ற சத்தம் ஒருதரம் கேட்டது. பிறகு குண்டு விழுந்தது. நிலம் தூக்கிப் போட்டது. எழும்பலாம் என்று நினைத்தான். எழும்பவில்லை. இரண்டாவதும் விழுந்து, இரைச்சல் தேய்ந்த பிறகுதான் எழும்பினான்.

குண்டுகள் வெறும் தோட்டத்தில் விழுந்திருந்தன. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அதிர்ச்சியில் சைக்கிள் சரிந்திருந்தது. அதோடு ஸ்ரெல்லாவும் கிடந்தாள். அவளுக்கு மேலே ஒரு மனுசி கவிழ்ந்து கிடந்தாள். யாரோ ஒரு கீரைக்காரி. கடகம் தள்ளி உருண்டு கிடந்தது. அவள் எழும்பி, கீரை அறுக்கிற சத்தகத்தால் கயிற்றை வெட்டி, பிள்ளையைத் தூக்கி நிமிர்ந்தாள்.

"ஆற்றை பிள்ளை இது?"

"என்ரை."

அவள் அவனைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். பிள்ளையை நீட்டினாள். கீரையைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பேரைக்கூட அவன் கேட்கவில்லை.

ஸ்ரெல்லாவின் இடது முழங்கை முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். பெர்னடெட் ஓடி வந்தபோது, "சைக்கிளோடை விழுந்துட்டம், நான் மேலை படுத்துக்கொண்டன்," என்றான். பிள்ளை, "ஒரு மாமியெல்லோ படுத்தவ," என்றாள். "ஓம், அவவும் நிண்டவ," என்றான். பெர்னடெட் அவன் நெஞ்சில் கையை வைத்து, "மாதாவே, உங்களையும் எனக்குத் தந்தாவே," என்று அழுதாள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

ஊருக்குள் கதை வேறு மாதிரிப் போனது. ரீச்சர் போடச் சொன்ன பட்டி கழரவில்லை, பிள்ளை கட்டோடு கிடந்தது. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ரீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டார். பெர்னடெட் நெல் அவிக்கப் போயிருந்தாள். கிறகோரி தனியே போய்ப் பின் வரிசை வாங்கில் இருந்தான்.

"பிள்ளையைக் கட்டிப்போட்டால் பொம்பருக்குப் பலி குடுக்கிற மாதிரி. நாங்கள் என்னெண்டு இறக்கி ஓடுறது?" என்று ஒருவர் சத்தம் போட்டார். பலர் ஆமோதித்தார்கள்.

நாகலிங்கம் மட்டும் எழும்பினான். "பொம்பர் எண்டைக்கோ ஒருநாள் வரும். சில்லு ஒவ்வொரு நாளும் சுத்துது. உந்தப் பட்டி அண்டைக்கு இருந்திருந்தால் என்ரை பெடியன் ஓடித் திரிவான். எடுக்காதேங்கோ, ரீச்சர்."

ரீச்சர் கிறகோரியைப் பார்த்தார். "நீர் பக்கிள் போட்டனீர் எண்டு சொன்னனீர். அதுவே கழரேல்லையோ? யோசிச்சுச் சொல்லும். நீர் சொல்லுறதை வைச்சுத்தான் நான் முடிவெடுக்க வேணும்."

எல்லாத் தலையும் திரும்பியது. இழுத்தால் அரை நொடியில் கழன்றிருக்கும், போட்டிருந்தால். அதைச் சொல்ல நாலு சொல் காணும்.

"கழரேல்லை, ரீச்சர்."

ரீச்சர் தலையைக் குனிந்தார். "அப்ப என்ரை பிழைதான். உங்கடை பிள்ளையின்ரை கைக்கு நான்தான் பொறுப்பு. என்னை மன்னிச்சுக்கொள்ளும்." கதவில் இருந்த கடதாசியில் பட்டி என்ற வரியை எல்லோருக்கும் முன்னால் பேனையால் வெட்டினார்.

வெளியே நாகலிங்கம் சைக்கிளோடு காத்து நின்றான். மகன் இருக்கையில் பட்டியோடு இருந்தான். கால்தாங்கியில் அந்த வலது பாதம் உள்பக்கம் மடங்கிக் கிடந்தது.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. எனக்கும் தெரிய வேணும். நான் போட்டிருக்கிறதும் புத்தகப்பைப் பக்கிள்தான். உங்கடையும் இந்த மாதிரியோ?"

கிறகோரி பார்த்தான். "ஓம், உந்த மாதிரித்தான்."

"இழுத்துப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

நாகலிங்கம் மகனின் இடுப்பில் கையை வைத்து ஒரு விரலால் பட்டியை இழுத்தான். சத்தம்கூட இல்லாமல் கழன்றது. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பட்டியைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான்.

"நீங்கள் சொன்னால் சரிதான். உங்களுக்கு நடந்தது," என்றான். "டேய், இறுக்கிப் பிடிச்சுக்கொள். நித்திரை கொள்ளாதை."

இணுவில் பக்கம் மிதித்துப் போனான். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தான். முடிச்சைச் சொன்னால் ஓடினதையும் சொல்ல வேண்டி வரும். கிறகோரி கூப்பிடவில்லை.