உப்பு போடாத வரிசை

கல்லூரி மொட்டை மாடியில் மூன்று வரிசை நெல் தொட்டிகள். முதல் வரிசை மண்ணில் உப்பு கிடையாது. இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் நிறைய. வரிசைக்கு வரிசை யூரியா போடாத தொட்டி, அளவாகப் போட்டது, இரட்டிப்பாகப் போட்டது என்று உண்டு. உப்பு மண்ணில் நெல் தேற யூரியா கைகொடுக்குமா என்பதுதான் வஜீஹாவின் ஆராய்ச்சி. முதல் வரிசையோடு ஒப்பிட்டால்தான் மற்றவற்றுக்கு அர்த்தம். ஸ்காலர்ஷிப் மார்ச்சோடு சரி.

1974 டிசம்பரில் அந்த முதல் வரிசையிலேயே இலை நுனிகள் வெளுத்துச் சுருண்டன. இரட்டிப்பு யூரியா தொட்டிகள் படுமோசம். யூரியாதான் சுட்டுவிட்டதோ என்று பார்த்தால், யூரியாவே போடாத தொட்டியிலும் அதே கருகல். வஜீஹா வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

வாட்ச்மேன் சின்னப்பையனைக் கூப்பிட்டாள். பெயர்தான் அப்படி, வயது ஐம்பத்தாறு.

"இது எந்தத் தண்ணி?"

"பின்னாடி கெணறு. கொழாயில காத்துதான் வருது. பயிரைக் காய வுட்றதா? ஒரு நாள் தவற வுட்லமா."

"எப்பலேர்ந்து?"

"கார்த்திகை தீபத்துக்கு மொத நாள்லேர்ந்து."

"அது உப்புத் தண்ணி."

"அதைத்தான் நான் குடிச்சிகினு கீறேன். எனக்கு இன்னா ஆயிட்ச்சி?"

"நீங்க நெல்லு இல்லையே."

சின்னப்பையன் தலையைச் சொறிந்தான். "புரொபசரம்மா கேட்டா கொழாத்தண்ணின்னு சொல்லிடறேன். நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?"

அவன் சொன்னது உண்மைதான். மாடிப்படி இறங்கும்வரை வஜீஹா அதை யோசித்தாள். கீழே வந்ததும் கிணற்றுத் தண்ணீர், தேதி இரண்டையும் நோட்டில் எழுதி, பேராசிரியை பங்கஜத்திடம் நீட்டினாள்.

பங்கஜம் கண்ணாடியைக் கழற்றினாள். "மூணு வரிசையும் போச்சு. இனிமே விதைச்சா ஏப்ரல்லதான் கதிர் முத்தும். ஸ்காலர்ஷிப்பை நீட்ட மாட்டா, தெரியுமோன்னோ?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் என்ன, மண்ணை மாத்து."

மறுவாரம் புது மண்ணில் விதை விழுந்தது. லாரித் தண்ணீர் வரிசையில் சின்னப்பையன் குடத்தோடு நின்றான். "ஊரே தாகத்துல சாவுது, இவுரு மாடில விவசாயம் பண்றாரு" என்று பெண்கள் ஏசியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மாடியேறி வந்தான். சாய்க்கப்போன குடத்தை வஜீஹா கை நீட்டித் தடுத்தாள்.

அவன் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துப் பார்த்தான்.

"சப்புனு கீது."

"ஊத்துங்க."