இறங்கடா கருங்காலி

கனகரத்தினத்தை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அவன் எழுதிய நாடகத்தையும், அதற்குக் கைதட்டிய இந்தத் துறைமுகச் சனத்தையும்தான்.

எழுபத்துமூன்றில் எங்கள் சங்கத்துக்கு அவன் செயலாளர். வேலைநிறுத்தத்துக்கு ஆட்களை உசுப்பேற்றவென்று நாடகம் போட்டான். தலைவன் வேடம் அவனுக்கு. நிறுத்தத்தை உடைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் கருங்காலி வேடம் எனக்கு. "யேசுரட்ணம், உமக்குத்தான் அதுக்கேத்த மூஞ்சி" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தேன்.

அது மேடையோடு நிற்கிற நாடகமில்லை. எங்கள் ஆட்கள் சிலர் சனத்துக்குள்ளே இருப்பார்கள். நான் கையை உயர்த்தி, "தோழர்மாரே, ஒரு நிமிசம்!" என்று தொடங்க வேண்டியதுதான், அவர்கள் எழும்பி, "இறங்கடா கருங்காலி!" என்று கத்துவார்கள். சனமும் சேர்ந்து கத்தும். நான் வாயைத் திறக்கத் திறக்கக் கத்தும். கடைசியில் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே போடுவார்கள். மூதூரில் செருப்பும் வந்தது.

பிறகு தெருவிலும் அதே கூத்து. பேக்கரியில் பாண் வாங்க வரிசையில் நின்றால் பின்னால் ஒரு குரல், "இறங்கடா!" எல்லாரும் கொல்லென்று சிரிப்பார்கள். என் மனைவி ஐவி மீன் வாங்கப் போனால், "கருங்காலி வீட்டுக்கு முள்ளுத்தான்" என்பார்கள். நிறுத்தத்தில் நான் ஒரு நாள்கூட வேலைக்குப் போனவனல்ல. அந்த மடையர்களுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம்!

நிறுத்தம் இழுபட்டு, கடைசியில் ஒப்பந்தம் வந்தது. சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் கூடிக் கையுயர்த்தி ஏற்கவேண்டும் என்றான் கனகரத்தினம். அன்று மத்தியானம் துறைமுக நிர்வாகக் கந்தோரில் வேலை செய்யும் புஷ்பவதி என்னை மறித்தாள்.

"உங்கட தம்பியும் நாட்கூலிதானே? நிரந்தரக்காரருக்கு மட்டும்தான் திரும்ப வேலை. நாட்கூலிக்காரர் எல்லாரையும் நிப்பாட்டப்போறாங்கள். உங்கட செயலாளர் ஓமெண்டு ஒத்துக்கொண்டிட்டார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி ஹெக்டருக்கு அந்த நாட்கூலியை விட்டால் வேறு பிழைப்பில்லை. வீட்டில் கைக்குழந்தை வேறு. அவன் கிண்ணியாவிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகில் கடல் கடந்து நேரே கூட்டத்துக்கு வருவதாக இருந்தான். வழியில் கண்ட ஓரிருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "இறங்கடா!" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. கனகரத்தினம் சம்பள உயர்வை மட்டும் வாசித்தான். நாட்கூலி என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. "ஏற்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ" என்றான். பாய்ந்து மேடையில் ஏறினேன். பதற்றத்தில், பழகிப்போன வாய், "தோழர்மாரே, ஒரு நிமிசம்!" என்றுவிட்டது.

கூரை பெயர்கிற மாதிரிக் கத்தினார்கள்.

"இறங்கடா கருங்காலி!"

"இது நாடகமில்லை! நாட்கூலிக்காரரை இவன்..."

"இறங்கடா கருங்காலி!"

"கேளுங்கோவன்! உங்கட பிள்ளையளின்ர சோத்தில..."

"இறங்கடா!"

நாடகத்திலும் இப்படித்தான் கெஞ்சுவேன். கண்ணீர் வேறு வந்து தொலைத்தது. "ஐயோ, என்ன நடிப்படா!" என்று முன்வரிசையில் ஒருத்தன் தொடையில் தட்டிச் சிரித்தான். கனகரத்தினம் சிரிக்கவில்லை. தலைவன் வேடத்தில் செய்வதுபோலவே கையை நீட்டி வாசலைக் காட்டினான், பாவி. என்னைத் தூக்கியவர்களில் பாதிப்பேர் நாட்கூலிக்காரர். படியில் என்னைப் போட்டுவிட்டு, கையுயர்த்த உள்ளே ஓடினார்கள். கைதட்டல் கேட்டது. முடிந்தது கதை.

ஹெக்டர் வெளியே ஓடிவந்தான். கத்திக் கத்தி அவனுக்குத் தொண்டை அடைத்திருந்தது.

"அண்ணை, நாடகத்தைவிட இண்டைக்குத்தான் திறம்!"

சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "உன்ர வேலை போச்சடா! நாட்கூலி ஒருத்தருக்கும் இனி வேலையில்லை. நீயும் கையை உயர்த்தினனியோ?"

"ஓம், ரண்டு கையையும்" என்றான். சிரிப்பு மாறாமல் என் முகத்தைப் பார்த்தபடி, அடுத்த வசனத்துக்காகக் காத்து நின்றான்.